வாயால் சுட்ட ஏவுகணை

எங்கள் பயிற்சி முகாமில் டேங்கைத் தகர்க்கும் ஏவுகணை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தோளில் வைத்துச் சுடுகிற வகை. பச்சைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பூட்டுப் போட்டு, கிடங்கில் அடைத்திருந்தார்கள். கிடங்குக்காரர் சாவியைப் பெண்டாட்டியிடம்கூடக் கொடுக்க மாட்டார் என்பதால் அவருக்குப் பூட்டு என்றே பெயர். சுட்டால் தீர்ந்துபோகும் என்று பயந்து அதை யாரும் சுட்டதில்லை. சுடச் சொல்லிக்கொடுக்கிற நானே சுட்டதில்லை. இதை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அப்புறம் எப்படிப் பயிற்சி என்று கேட்பீர்கள். காலிக் குழாய் ஒன்றில், எடை சரியாக இருக்கட்டும் என்று மணலை அடைத்து வைத்திருந்தோம். இருபத்திரண்டு கிலோ. அதைத் தோளில் ஏற்ற வேண்டும். குறிக்கண்ணாடியில் கண்ணை வைத்து, மைதானத்தின் கோடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய டேங்கைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் "டும்" என்று வாயால் கத்த வேண்டும். கத்தினால் சுட்டதாக அர்த்தம். அந்தக் கோடியில் பதுங்குகுழிக்குள் இருக்கும் கொடிக்காரன் உடனே சிவப்புக் கொடியைத் தூக்குவான், டேங்க் காலி. எட்டு வருடத்தில் அந்த டேங்கை ஆயிரம் தடவையாவது அழித்திருப்போம். மீதி நேரத்தில் கொடிக்காரன் அதன்மேல் பனியன் காயப்போடுவான்.

என் தங்கை புருஷன் என் வகுப்பில் வந்து உட்காரும் வரை எனக்கு இதில் எந்த உறுத்தலும் இல்லை. திங்கட்கிழமை அவனை எல்லைக்கு அனுப்புகிறார்கள். அங்கே நிஜமான சண்டை. வருகிற டேங்க் எதிலும் பனியன் காயாது. முதல் குண்டிலேயே அதை நிறுத்தாவிட்டால், சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று டேங்குக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் இல்லை.

தங்கை என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, அவரு நெஜமா ஒரு தடவையாச்சும் சுட்டுப் பாத்துட்டுத்தான் போகணும். மணல் குழாய வெச்சே ஏமாத்தி அனுப்பி வெச்ச, அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

சின்ன வயதிலிருந்தே சொன்னால் செய்கிறவள். நான் மனுவுக்கு மேல் மனு எழுதினேன். "இருக்கறதே ஒண்ணு. அதையும் சுட்டுட்டா நான் எதைய்யா பூட்டறது?" என்று பூட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். கடைசியில் பெரிய அதிகாரி சம்மதித்தார். ஆனால் தானும் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெறப் போகிற காலத்தில் அவரும் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எல்லோரும் மைதானத்தில் கூடினோம். சுடுகிற இடத்துக்கு அருகில் இருப்பது ஒரே ஒரு மரம். அதன் நிழலில், வழக்கம்போல, நாற்காலியும் மேஜையும் டீயும் வைத்திருந்தார்கள். அதிகாரி உட்கார்ந்தார். பூட்டு இரண்டு பூட்டையும் திறந்துவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன் மாதிரி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை குழாயைத் தோளில் ஏற்றினான். குறிக்கண்ணாடி தயாராக அரை நிமிடம் ஆகும். கீச்சென்று சத்தம் வந்தது. குறி பிடித்தாயிற்று.

"டும்!" என்று கத்தினான் மாப்பிள்ளை.

கத்திவிட்டுக் குழாயை அழகாக இறக்கினான். தூரத்தில் சிவப்புக் கொடி ஏறியது. வகுப்பில் இருந்த இருபது பேரும் கை தட்டினார்கள். அதிகாரி மட்டும் தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"டேங்க் அப்படியே இருக்கேப்பா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஓடினேன்.

"ஏன்டா, விசைய அழுத்தறதுக்கு என்னடா கேடு உனக்கு?"

"மச்சான், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான செஞ்சேன்?"

தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டேன். குழாய்க்கு நேர் பின்னால், ஆறே அடியில், அதிகாரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இந்தக் குழாயைச் சுட்டால் பின்பக்கமாகவும் நெருப்பு சீறும். சுடும் முன் திரும்பிப் பார்க்க வேண்டும், பின்னால் ஈ காக்கை இருக்கக் கூடாது. இதை ஒவ்வொரு வகுப்புக்கும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். எங்கே உட்கார்ந்து? அதே மரத்தடியில், அதே நாற்காலியில். மணல் குழாய் என்றைக்கு யாரைச் சுட்டது? எட்டு வருடம் நிழலைப் பார்த்தோமே தவிர, ஒருத்தனும் பின்னால் பார்க்கவில்லை.

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். குழாயின் பின்வாயைப் பார்த்தார். கையிலிருந்த டீயைப் பார்த்தார். புத்திசாலி, புரிந்துகொண்டார். டீயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கொடிதான் ஏத்தியாச்சே," என்றார். "சுட்டாச்சுன்னே எழுதிடுவோம்."

பூட்டு அதற்குள் குழாயைப் பெட்டிக்குள் வைத்து ஒரு பூட்டை மாட்டியிருந்தார்.

நான் அதிகாரியிடம் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"ஐயா, திங்கக்கெழமைக்கு அப்புறம் இவன் முன்னாடி வர்ற டேங்கு, வாயால சொன்னா நிக்காதுங்கய்யா."

அதிகாரி எழுந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெயிலுக்கு, நூறு அடி பக்கவாட்டில் போய்ப் போட்டு உட்கார்ந்தார். பூட்டு பூட்டைக் கழற்றினார்.

இந்த முறை மாப்பிள்ளை குழாயைத் தோளில் ஏற்றியதும் திரும்பிப் பார்த்தான். "பின்னாடி யாரும் இல்ல" என்று சத்தமாகச் சொன்னான். விசையை அழுத்தினான்.

மரத்தின் பாதி இலை போய்விட்டது. மேஜை போன இடம் தெரியவில்லை. ஏவுகணையோ டேங்கை விட்டுவிட்டு நேரே வானத்துக்கு ஏறியது. போச்சு, தங்கை முகத்தில் இனி முழிக்க முடியாது என்று நினைத்தேன். டேங்கின் கூரைத்தகடுதான் மெல்லிசு, அதனால் ஏவுகணை ஏறிப்போய் மேலிருந்து விழும் என்று பாடம் நடத்துகிற எனக்கே அது அப்போது மறந்துபோயிற்று. ஏவுகணை விழுந்தது. டேங்கும், காய்ந்துகொண்டிருந்த இரண்டு பனியனும் ஒன்றாகப் போயின.

மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றான்.

"மச்சான், டும் சொல்ல மறந்துட்டேன்."

நான் அவனைக் கட்டிப்பிடித்து, இருபது பேருக்கும் முன்னால் அழுதேன்.

நாற்பதாவது நாள் அவனிடமிருந்து போன் வந்தது. தங்கை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"மச்சான், நேத்து ஒரு டேங்க் வந்துச்சு. பின்னாடி பாத்தேன், யாரும் இல்ல. சுட்டேன். நின்னுடுச்சு."

உயிரோடு இருக்கிறான்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"டும் சொன்னியா மாப்ள?"

அவன் சிரிக்கவில்லை.

"உள்ள ஆளுங்க இருந்தாங்க மச்சான்."

எட்டு வருடமும் காலி டேங்கையே காட்டிச் சொல்லிக்கொடுத்தவன் நான். தங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவன் வெகுநேரம் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. அவளும் போனை வைக்கவில்லை.