காலியாக இருந்த இடது பக்கம்

அப்பாவின் தலை மறுபடியும் சாய்ந்தது. பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் எழுந்து போய் நிமிர்த்தி, கழுத்தடியில் தலையணையைச் செருகிவிட்டு வந்தாள்.

“சீக்கிரம் வரையும்மா. எம்மாம் நேரந்தான் முட்டுக் குடுக்கறது?”

சௌந்தரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். கூர் வருகிற நேரத்தில் அது ஒடிந்துபோகும். மறுபடி சீவுவாள்.

வாசல் பந்தலில் மணவாளனை நாற்காலியில் உட்கார்த்தி, இடுப்பில் ஒரு வேட்டியைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் புது நாமம். காலையில் காபி குடித்துவிட்டு, “கொஞ்சம் சாயறேன்” என்று சொல்லிப் படுத்தவர்தான். பிறகு எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

அவருக்கென்று ஒரு போட்டோ கிடையாது. டிரைவர் லைசென்சில் ஒட்டியிருந்தது மீசை முளைக்காத யாரோ ஒரு பையன் மாதிரி இருந்தது. தெற்கு வீதி ஸ்டுடியோவுக்கு ஓடிய பழனிவேல் மாமா பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். போட்டோக்காரர் பரங்கிப்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

“நம்ம வூட்லயே படம் போடறவ இருக்கா. பட்டம்மாக்கா, உன் பொண்ணுகிட்டச் சொல்லு. ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து மச்சானோட தம்பி வர்ற வரைக்கும் எப்படியும் பாடை எடுக்க முடியாது. அதுக்குள்ள குடும்பத்தோட ஒரு படம் போட்டு வெச்சுடட்டும்” என்றார் மாமா.

பட்டம்மாள் அழுது அழுது ஓய்ந்திருந்தாள். மகளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

பலகையில் தாள் ஏற்கெனவே குத்தித்தான் இருந்தது. சௌந்தரம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டிராயிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு நடத்தும் கோவிந்தசாமி மாஸ்டர் இந்த வாரம் எல்லாரையும் ஒரு காம்போசிஷன் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். தலைப்பு, குடும்பம். “மூக்கும் முழியும் அப்புறம். ஆளுங்களை எங்கெங்க வெக்கறேன்னு யோசி. பாக்கறவன் கண்ணு படம் பூரா ஒரு சுத்து சுத்தி வரணும். ஒரு பக்கமா சரிஞ்சு கீழ வுழுந்துடக் கூடாது” என்பார்.

நடுவில் அப்பா, வலப்பக்கம் அம்மா என்று லேசாகக் கோடு இழுத்து வைத்திருந்தாள். இடது பக்கம்தான் வசப்படவில்லை. பீரோவைப் போட்டாள், அழித்தாள். துளசி மாடத்தைப் போட்டாள், அழித்தாள். முந்தாநாள் அவளுக்காக அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு பக்கமாவே டிக்கெட் ஏத்துன வண்டி மாதிரி இருக்குது.”

“நீங்க சும்மா உக்காருங்கப்பா. மாடலு பேசக் கூடாது.”

இப்போது பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார். அவள் முதல் கோட்டை இழுத்தாள். முகத்தை வரையத் தொடங்கியதும் கண் தானாகவே தெளிந்துகொண்டது. வேலை என்று ஒன்றைக் கையில் கொடுத்து ஆண்டவன் மனுஷனைத் தாங்கிப் பிடிக்கிற நேரங்கள் உண்டு.

பகல் வண்டியில் கூடலூரிலிருந்து விருத்தாம்பாள் வந்து இறங்கினாள்.

அவள் யார் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணவாளன் பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி வண்டி கூடலூரில்தான் தங்கும். அங்கே அவருக்கு இன்னொரு குடித்தனம் இருப்பது இந்தத் தெருவுக்கே தெரியும். பிள்ளை குட்டி கிடையாது. பட்டம்மாள் ஒரு தடவைகூட அவளை நேரில் பார்த்ததில்லை. அவளைப் பற்றி வாய் திறந்ததும் இல்லை.

வாழையிலையில் சுற்றிய மாலையோடு அவள் பந்தல் கால் ஓரமாக நின்றாள். அழுகைகூட வரவில்லை, மூச்சுத்தான் வாங்கியது.

“தோ வந்துட்டாங்கப்பா கூடலூர் மகாராணி” என்றாள் ஒருத்தி.

“மாலையப் போட்டுட்டு, மூஞ்சியப் பாத்துட்டு, அடுத்த வண்டிக்குக் கெளம்பட்டும்” என்றார் பழனிவேல் மாமா, யாரையும் பார்க்காமல்.

விருத்தாம்பாள் மாலையைப் போட்டாள். அந்தக் கனத்துக்கோ என்னவோ, அப்பாவின் தலை அவள் பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கைய எடு!” மாமா எழுந்துவிட்டார். “பாத்தாச்சு இல்ல? நகரு.”

சௌந்தரம் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்தாள். இந்த மனுஷி இப்போது போய்விட்டால், அப்பாவை இனி எந்த ஜென்மத்தில் பார்ப்பாள்? ஆனால் அப்பாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பது அம்மா. அம்மா இத்தனை வருஷமும் விழுங்கியதை எந்தத் தராசில் வைப்பது?

“மாமா, அவுங்க அங்கயே இருக்கட்டும்” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “இந்தப் பக்கம் காலியா இருந்தா படம் சாஞ்சு போயிடும்.”

“என்னாடி பெரிய படம்?”

“மாஸ்டர் சொல்லியிருக்காரு மாமா. ரெண்டு பக்கமும் ஆளு வேணும்.”

மாமா தன் அக்காவைப் பார்த்தார். பந்தலில் எல்லாரும் பட்டம்மாளைத்தான் பார்த்தார்கள். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் சொன்னது சாக்கு என்பது பெற்றவளுக்கா தெரியாது? எங்கோ ஒரு குழந்தை அழுது, பால் கொடுத்ததும் ஓய்ந்தது.

“நின்னுக்கிட்டே எவ்ளோ நேரம் புடிப்பா?” என்றாள் பட்டம்மாள். “யாராச்சும் ஒரு முக்காலியக் கொண்டாந்து போடுங்க.”

விருத்தாம்பாள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பட்டம்மாளும் கையை நீட்டி, தலையின் மறுபாதியைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

சௌந்தரம் வரைந்தாள். சாக்காகத்தான் சொன்னாள். ஆனால் தாளில் அந்த மூன்றாவது உருவம் வந்து உட்கார்ந்ததும், இத்தனை நாள் வழுக்கிக்கொண்டிருந்த படம் நிலைக்கு வந்துவிட்டது. பார்வை அப்பாவிடம் விழுந்து, அம்மாவின் கை வழியாக இறங்கி, மடியைச் சுற்றி, விருத்தாம்பாளின் கை வழியாக ஏறி மறுபடி அப்பாவிடமே வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் தணிவாகக் கேட்டது.

“கால் வீக்கம் அங்கயும் இருந்துச்சா?”

“இருந்துச்சுக்கா. வெந்நீர்ல உப்புப் போட்டு வெப்பேன். சூடு ஜாஸ்தின்னு கத்துவாரு.”

“இங்கயுந்தான்.”

அம்மா மறுகையால் அப்பாவின் மாலையைச் சரிசெய்தாள்.

“உப்பும் தின்னக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு” என்றாள் அம்மா.

“நான் கருவாடு ஆக்குறதையே நிறுத்திட்டேன்க்கா. கத்திரிக்காதான். எண்ணெயில வதக்கி வெச்சா ஒரு சட்டி சோறு திம்பாரு.”

பட்டம்மாள் திரும்பினாள். “கத்திரிக்காயா?”

“ஆமாங்க்கா.”

“ஒடம்பெல்லாம் சொறியுதுன்னு சொல்லி இந்த வூட்ல கத்திரிக்காய வாங்கவே வுடலியே இந்த மனுஷன்!”

விருத்தாம்பாள் மிரண்டுபோய்ப் பார்த்தாள். “என்கிட்ட முருங்கைக்காய்தான் ஆவாதுன்னாரு.”

“அத இங்க வாரத்துல நாலு நாளு தின்னாருடி!”

பட்டம்மாளின் தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்துத் தில்லையம்மாள் ஓடி வந்தாள். அழுகையும்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “படுபாவி மனுஷா” என்று அப்பாவின் காதோரம் சொன்னாள். அப்போதுதான் விருத்தாம்பாளுக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் துடைக்கக் கையை எடுக்கவில்லை. அவள் கன்னத்தைப் பட்டம்மாளே எட்டித் துடைத்துவிட்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே.

தெருமுனையில் வண்டி வந்து நின்றது. ஸ்ரீமுஷ்ணத்துச் சித்தப்பா ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். பறைக்காரர்கள் தோலைச் சூடேற்றத் தொடங்கினார்கள். பாடை தயாராகிவிட்டது.

“முடிஞ்சுதா சௌந்தரம்? தம்பி வந்தாச்சு. வெயில் தாழறதுக்குள்ள எடுத்துடணும்” என்றார் மாமா.

படம் முடிந்துதான் இருந்தது. மாலையின் இதழ்வரை நிழல் போட்டாகிவிட்டது. இனி எதைத் தொட்டாலும் கெடும்.

விருத்தாம்பாள் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். சரியாகக் காதில் விழாமல் அம்மா அவள் பக்கமாகக் குனிந்தாள்.

“இன்னும் கொஞ்சம் மாமா” என்றாள் சௌந்தரம்.

மாமா அவள் பின்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பறைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“அவசரப்படாதீங்கப்பா. இன்னும் முடியல.”

கீற்றிடுக்கில் வெயில் இறங்கியது. தாளுக்குக் கொஞ்சம் மேலேயே பென்சில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அதன் நிழல் மட்டும் தாளைத் தொட்டது.