வீட்டுக்குச் சொல்ல வேணாம்

ஸ்ட்ரெச்சர் நடையில் திரும்ப மறுத்தது. முன்னால் பிடித்தவர்கள் கூடத்துக்குள் போய்விட்டார்கள். பின்னால் பிடித்தவர்கள் இன்னும் வாசற்படியிலேயே நின்றார்கள். நடுவில் நேமிசந்திரன் வெள்ளைத் துணிக்குள் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார்.

"தலைமாட்டத் தூக்கு. மெதுவா… செவுத்துல இடிக்கப் போவுது."

அவர் மனைவி ராஜமதி கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டுக்குப் பிளான் போட்டவர் அவர்தான். தெரு குறுகல், அவசரத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் நுழையாது என்று சொந்த மனையில் ஒரு துண்டைத் தெருவுக்கு விட்டுவிட்டு, அந்தக் குறையை உள்ளே நடையைக் குறுக்கிச் சரிக்கட்டினார். இன்றைக்கு ஆம்புலன்ஸ் சுலபமாக வந்து நின்றுவிட்டது. வீட்டுக்குள்தான் அவரால் வர முடியவில்லை.

கடைசியில் ஸ்ட்ரெச்சரை வாசலிலேயே விட்டுவிட்டு, துணியோடு தூக்கிக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள்.

"அழாதீங்கக்கா, கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல," என்றாள் பக்கத்து வீட்டுப் பிரபாவதி. கண்புரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ராஜமதி அழவில்லை. காலையில் அவர் கண்ணில் விட்டுப் போன சொட்டு மருந்தின் கசப்பு இன்னும் தொண்டையில் இருப்பதுபோல் இருந்தது.

இன்றைக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்டப் போக வேண்டிய நாள். விடிவதற்கு முன்பே போன் வந்தது. ஒலக்கூருக்கு அந்தப் பக்கத்து ஏரி, ராத்திரி மழையில் நிரம்பிவிட்டதாம். மதகுப் பலகை இறுகிக்கொண்டு தூக்க முடியவில்லையாம், கரையில் ஓரிடத்தில் மண் சரிகிறதாம். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த காலத்தில் விழுப்புரம் ஆபீசில் உட்கார்ந்து பார்த்ததைவிட, ஓய்வு பெற்ற பிறகுதான் அவர் ஏரி ஏரியாக அலைந்தார். எந்த ஊரில் கூப்பிட்டாலும் போவார். கரை பலப்படுத்தவும் வாய்க்கால் தூர்வாரவும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து சேற்றில் இறங்குவார்.

வீட்டைக் கவனிக்காதவர் என்று அவரைச் சொல்லிவிடவும் முடியாது. அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நாட்களில் சமையல் அவர்தான். பொழுது சாயும் முன் அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் தன் தட்டில் போட்டுக்கொள்வார். தம்பி, தங்கைகளைக் கரையேற்றினார், பிள்ளையைப் படிக்கவைத்தார். ஆனாலும் ஏரி என்று போன் வந்தால் காலில் செருப்பு இருக்காது.

"ஜல்தியா வந்துடறேன் ராஜி. வந்ததும் பாண்டிக்குப் பொறப்பட வேண்டியதுதான்," என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணில் மருந்தைச் சொட்டினார்.

"ஒன்னும் வர வேணாம். அங்கயே ஏரிக்கரையில பாய் போட்டுப் படுத்துக்குங்க."

எத்தனையோ தடவை சொன்னதுதான். அவர்கள் கல்யாணத்திலேயே பெரியவர்கள் கேலி பேசினார்கள். சமணக் குடும்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை ஒன்று உண்டு: கல்யாணத்தன்றே ராஜமதியை விட்டுவிட்டு நேமிநாதர் துறவு போய்விட்டார் என்று. "பேரு பொருந்தியிருக்கு, ஆளு ஓடிடப் போறான், பத்திரமா புடிச்சிக்கோ," என்றார்கள். அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கத்தித்தான் பிடிக்க முடிந்தது.

சென்னையிலிருந்து மகன் ஜிதேந்திரன் வந்துசேர்ந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். பிறகு எழுந்து, அம்மாவிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "நீ போறதுக்குள்ளவே போயிட்டாரா?"

ராஜமதி தலையசைத்தாள். விழுப்புரம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கே ஏரி ஊர்ப் பெண் ஒருத்தி முழங்கால்வரை சேறு காய்ந்த புடவையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். பஞ்சாயத்தில் வார்டு மெம்பர், கலையரசி என்று பெயர். அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

"எதனா சொன்னாராம்மா?" என்று ராஜமதி அவளிடம் கேட்டிருந்தாள்.

கலையரசி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "உங்களத்தாம்மா கேட்டாரு. அம்மா எங்க, அம்மா எங்கன்னே கேட்டுக்கினு இருந்தாரு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ராஜமதி விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஆனால் அதே வார்த்தை உள்ளே அறுத்துக்கொண்டும் இருந்தது. உயிர் போகிற நேரத்தில் காதருகே பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்ல வேண்டும். அவர் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எல்லோருக்கும் அவர்தான் குனிந்து சொன்னார். அவருக்குச் சொல்ல ஆளில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாராம், அவள் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் ஏரி ஊர்க்காரர்கள் ஒரு டிராக்டரில் வந்தார்கள். ஈர வேட்டியும் லுங்கியுமாக, வீட்டுக்குள் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றார்கள். சீனுவாசன் என்ற வயசாளி மட்டும் உள்ளே வந்து மாலையைப் போட்டார். மல்லாட்டைக் கடலை விதைத்து வாழ்கிற கனத்த கைகள். அவர் மாலை போட்ட கையோடு ராஜமதி எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஊரு பொழச்சிதும்மா. நைனாரு சாருதான் காப்பாத்திட்டுப் போயிட்டாரு."

"எப்டி விழுந்தாரு?" என்று ஜிதேந்திரன் கேட்டான்.

"வுழலீங்க தம்பி. மதகு தொறந்ததும் நெஞ்சப் புடிச்சிக்கினு கரையிலயே குந்திட்டாரு. ஒரே வேர்வை. சோடா குடுத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போலாம் சார்னா, இருய்யா, காத்துப் புடிச்சிருக்கு, சரியாப் பூடும்ன்றாரு. அம்மாவுக்குப் போன் போடறேன்னு கலையரசி போன எடுத்துது. அதையும் வேணாம்னுட்டாரு."

வாசல் பக்கமிருந்து, "மாமா," என்று ஒரு குரல் வந்தது. கலையரசி நின்றிருந்தாள். இன்னும் அதே சேற்றுப் புடவை. "எந்திரி மாமா, அவங்க வேலையப் பாக்கட்டும்."

சீனுவாசனுக்கு அது காதில் ஏறவில்லை. துக்கம் அவரைப் பேசவைத்துக்கொண்டிருந்தது.

"வீட்டுக்குச் சொல்ல வேணாம்ன்றாரு. சொன்னா அப்பறம் என்னைய வெளிய வுடமாட்டா, கண்ணு வேற ஆபரேசன் பண்ணிக்கினு இருக்கா, பயந்துடுவான்னாரு. சரி, பெரிய மனுசன் சொல்றாரேன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம். பேச்சுக் கொழறினப்பதான் வண்டியில ஏத்தினோம். விழுப்புரம் போவணும்ன்னு இந்தத் தெரு முனையத் தாண்டித்தாம்மா போனோம். அப்பவும் கையப் புடிச்சி ஆட்டினாரு, வேணாம்னு. இங்க ஒரு நிமிசம் நிறுத்தியிருந்தா…"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜிதேந்திரன் அம்மாவைப் பார்த்தான். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். ராஜமதி தெருமுனையை நினைத்தாள். அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பாண்டிச்சேரி போகப் புடவை கட்டி, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வரட்டும், இன்றைக்கு நன்றாகக் கேட்கிறேன் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். பிரபாவதி பதறிப்போய் எழுந்தாள். ராஜமதி கண்ணைத் துடைக்கவில்லை. வாசலில் நின்றவளைத்தான் பார்த்தாள். கலையரசி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

ராஜமதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

நேரமாகிறது என்றார்கள். பொழுது இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றித் தூக்கியபோது ராஜமதி குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள். "ணமோ அரிஹந்தாணம்," என்று தொடங்கினாள். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை தூக்கியவர்கள் காத்திருந்தார்கள். கேட்காத காதுக்குச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் ஒரு வரியையும் விடவில்லை.

ஆண்கள் போய்விட்டார்கள். டிராக்டரும் பின்னாலேயே போனது. பெண்கள் கூடத்தைக் கழுவிவிட்டார்கள். கலையரசி மட்டும் போகாமல் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றாள்.

ராஜமதி வெளியே வந்தாள். கையில் மடித்த புடவை ஒன்று இருந்தது.

"உள்ள பாத்ரூம்ல வெந்நீர் இருக்கு. குளிச்சிட்டு இதக் கட்டிக்கோ. இருட்டறதுக்குள்ள ஒரு வாய் சாப்புட்டுப் போ."

"வேணாம்மா. நான்… நான் ஆஸ்பத்திரில அப்டி சொன்னது…"

"புடி."

கலையரசி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. மழை மறுபடி பிடித்தது. முதலில் தூறல், பிறகு சடசடவென்று. இருவரும் போர்ட்டிகோவின் கீழ் ஒதுங்கினார்கள். ஊர்வலம் போன வழியெல்லாம் இறைந்துகிடந்த பூக்கள் நனைந்து, தெருவோரத் தண்ணீரில் ஒன்றிரண்டாக நகரத் தொடங்கின.

ராஜமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டு வாசலில் எத்தனை மழையை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் இதைக் கேட்கத் தோன்றியதில்லை.

"இந்தத் தண்ணில்லாம் எங்க போவுது?" என்றாள்.

கலையரசி தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். "எங்கூருன்னா சொல்லிடுவேன். இந்தப் பக்கம் தெரிலயேம்மா. சாரக் கேட்டாதான்…"

பாதியில் நிறுத்திக்கொண்டாள். மழை வலுத்தது. பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருமுனைவரை போய், அங்கே கொஞ்சம் சுழன்று, திரும்பி மறைந்தன.