புதுக் கத்தியின் உறை

எனக்கும் என் நாத்தனாருக்கும் வீட்டில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாது. அவள் உலர்த்திய துணியை நான் எடுத்து மறுபடி உதறிப் போடுவேன். நான் அடுக்கிய பாத்திரத்தை அவள் கலைத்து அடுக்குவாள். வேலையிலோ நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு கட்டிக்கொண்டு போய்க் கரைக்கு இழுத்துவரும் குழுவில் இருக்கிறோம். கரையில் எலியும் பூனையுமாக இருப்பவர்களை யார் சேர்த்துக் கட்டினார்களோ என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சிரிப்பார்.

அவருடைய தங்கைக்குச் சின்ன வயதிலேயே வாலு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் சும்மா இருக்க மாட்டாள். குழுவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கத்தியை மாற்றுவதா வேண்டாமா என்ற சண்டையை ஆரம்பித்ததும் வாலுதான். நாங்கள் வைத்திருப்பது மடக்காத கத்தி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம், கயிற்றையும் சீட் பெல்ட்டையும் அறுப்பதற்கானது. அதே கம்பெனி இப்போது புது மாடல் இறக்கியிருந்தது. பழையதில் அலகின் இரும்பு கைப்பிடிக்குள் பாதி தூரம்தான் போகும். புதியதில் முனையிலிருந்து பிடியின் அடிவரை ஒரே இரும்பு. உறையிலும் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினால்தான் கத்தி வெளியே வரும். அந்தப் பூட்டு எனக்குப் பிடிக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

அவள் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவும் வழியில்லை. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியில் இருவரும் ஒரே மாதிரிக் கத்தியை லைஃப் ஜாக்கெட்டின் ஒரே இடத்தில், இடது மார்பில், பிடி கீழே இருக்கும்படி மாட்ட வேண்டும். தன் கத்தி கைநழுவினால் ஜோடியின் கத்தியை உருவ வேண்டும். கலங்கல் தண்ணீரில் கண் உதவாது, கைப்பழக்கம்தான் உதவும். அதனால் மாற்றினால் இருவரும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் இருவரும் பழையதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மீட்பு நிலையத்தில் கருவிகளைக் கொடுத்து வாங்கும் ஸ்டோர்க்காரர், புதுக் கத்திகளுக்காகப் பாதி அலமாரியைக் காலி செய்துவிட்டு எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார். சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் புதுக் கத்திகளை வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவதாக வாலுவிடம் சொல்லியிருந்தார். அன்று காலை அவள் அவரிடம் தன் பழைய கத்தியை ஒப்படைத்துவிட்டு, சோதித்துப் பார்க்க ஒரே ஒரு புதுக் கத்தியை வாங்கி வந்தாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மத்தியானத்துக்குள் முடிவு செய்வதாகப் பேச்சு.

நிலையத்தின் பின்பக்கம் பழைய மரச்சட்டங்கள் கிடந்தன. வாலு புதுக் கத்தியை ஒரு சட்டத்தின் மேல் வைத்து, கட்டையால் கத்தியின் முதுகில் அடித்துச் சட்டத்தைப் பிளந்தாள். பிறகு என்னுடையதை வாங்கினாள். ரெண்டு அடி தாங்காது என்று நக்கலாகச் சிரித்தாள். தாங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் அடி, நல்லா அடி என்று பக்கத்தில் நின்று ஏற்றிவிட்டேன். அவளும் விடாமல் அடித்தாள். சட்டம் பிளந்தது, கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அதைத் துடைத்து உறையில் போட்டு, ஜெயித்த மிதப்போடு தட்டிக் காட்டினேன்.

வாலு தோற்றால் ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. புது உறையைத் தன் ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டைவிரலைப் பூட்டின் மேல் வைத்தாள். ஒரு தடவை உருவிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். நான் கையை உதறிவிட்டேன். அப்போதுதான் அழைப்பு வந்தது.

தாழ்வான பாலத்தில் ஒரு வேன் சிக்கியிருந்தது. மேலே மழை பெய்து ஆறு திடீரென்று ஏறிவிட்டது. டிரைவர் வேன் கூரை மேல் உட்கார்ந்திருந்தார். ஜீப்பில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மார்பில் பழையது, அவள் மார்பில் புதியது. அவளுடைய பழைய கத்தி ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. திரும்பிப் போக நேரமில்லை.

"அண்ணி, கட்டைவிரல். மறந்துடாதீங்க," என்றாள் வாலு.

"உன் கத்தியைத் தொடுற அளவுக்கு ஒண்ணும் ஆகாது. வாயை மூடிட்டு ஹெல்மெட்டை மாட்டு," என்றேன்.

தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். அங்கே இடுப்புவரை ஓடியது, அதுவும் சேறும் கிளையுமாக. வாலு முன்னால் போனாள், நான் அவளுக்கு ஓரடி பின்னால். கரையில் நாலு பேர் எங்கள் ஜாக்கெட்டில் கட்டிய கயிறுகளைப் பிடித்திருந்தார்கள். டிரைவர் கனமான மனிதர், நடுக்கத்தில் பேச்சே வரவில்லை. வாலு அவரை இறங்கவைத்து இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் கையைத் தூக்கி, இழுக்கச் சொல்லிக் கரைக்குச் சைகை காட்டினேன்.

அந்த நேரத்தில் வேன் நகர்ந்தது. முழுதாக அல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாலுவின் இடுப்பு வார் வேனின் வளைந்துபோன பம்பருக்குள் மாட்டிக்கொண்டு, அவளையும் சேர்த்துக் கீழே இழுத்தது. வாரைக் கழற்றும் கொக்கி அவள் முதுகுக்கும் வேனுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. தண்ணீர் அவள் தாடைக்கு வந்துவிட்டது. கையை விட்டால் டிரைவர் போய்விடுவார். விடாவிட்டால் அவள் போய்விடுவாள். அவள் விடவில்லை.

என் கத்தியை உருவினேன். கை பழகிய வேகத்தில் அது வந்தது. குனிந்து, தண்ணீருக்குள் வாரைத் தடவிக் கண்டுபிடித்து அறுக்க ஆரம்பித்தேன். வார் விறைத்து நின்றதால் சுலபமாக அறுபட்டது. பாதி அறுந்திருக்கும். வேன் மறுபடி அசைந்தபோது கத்தியைக் கொஞ்சம் திருப்பினேன். கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு எங்கே போனது என்று தெரியவில்லை. காலையில் வாங்கிய அடியெல்லாம் அந்தப் பிடிக்குள் இருந்திருக்கிறது, வெளியே தெரியாமல்.

அந்தப் பிடியை ஏன் உடனே கீழே போடவில்லை என்று இப்போதும் புரியவில்லை. அதை இறுக்கிக்கொண்டே நின்றேன். வாலுவின் வாய்வரை தண்ணீர் ஏறியது. தலையை அண்ணாந்து மூக்கால் மூச்சு விட்டாள். கரையில் யாரோ கத்தினார்கள். பிடியை எறிந்துவிட்டு அவள் மார்புக்குக் கையைக் கொண்டுபோனேன். டிரைவரின் தோளுக்கும் அவள் ஜாக்கெட்டுக்கும் நடுவில் கையைத் திணித்து, கத்தியின் பிடியைப் பற்றி இழுத்தேன்.

வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். ஜாக்கெட்டே என்னோடு வந்தது, வாலுவின் தலை ஒரு தடவை முழுதாக உள்ளே போய் வந்தது. என் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு இழுப்புதான். இத்தனை வருஷமாக அதைத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மூன்றாவது தடவையும் அதையே செய்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் அந்தக் கையின் மேல்தான்.

வாலு என்னைப் பார்த்தாள். பேச முடியாது, வாய் தண்ணீருக்குள் இருந்தது. டிரைவரைச் சுற்றிக் கட்டியிருந்த கைகளை அவள் தளர்த்தவில்லை. ஆனால் அவர் முதுகின் மேல் இருந்த அவளுடைய கட்டைவிரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது. மறுபடி மடங்கி நிமிர்ந்தது.

நான் அழுத்தினேன். கத்தி வந்துவிட்டது.

மீதி வார் ஒரே இழுப்பில் அறுந்தது. கரையிலிருந்தவர்கள் மூன்று பேரையும் சேர்த்து இழுத்தார்கள். டிரைவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். வாலு ஜீப்பின் படியில் உட்கார்ந்து இருமி இருமித் தண்ணீர் கக்கினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே திட்டினேன். எதற்குத் திட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஸ்டோருக்குப் போனோம். ஸ்டோர்க்காரர் என் காலி உறையைப் பார்த்துவிட்டு, கத்தி எங்கே என்று கேட்டார்.

"காலைல நான்தான் அதைக் கட்டையால அடிச்சேன்," என்றாள் வாலு. தொண்டை கட்டிப்போயிருந்தது. "உள்ள விட்டுப்போச்சு போல. நஷ்டத்தை அண்ணி பேர்ல எழுதாதீங்க."

"அடி அடின்னு ஏத்திவிட்டது நான்," என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் ஒருத்திக்காக ஒருத்தி பேசி அவர் கேட்டதே இல்லை. எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பழையதா புதியதா, அதைச் சொல்லுங்கள் என்றார். வாலு என்னைப் பார்த்தாள். கத்தியை மாற்று மாற்று என்று உயிரை எடுத்தவள், இப்போது முடிவை என் கையில் விட்டுவிட்டு நின்றாள். எனக்கு அந்தப் பூட்டு இன்னும் பிடிக்கவில்லை. அந்தப் பூட்டால் இவள் செத்திருப்பாள். பழைய பிடியாலும் செத்திருப்பாள். பூட்டையாவது கைக்குப் பழக்கலாம்.

இரண்டு பேருக்கும் புதியது கொடுங்கள் என்றேன். ஆனால் என் கை பழகும்வரை எங்கள் ஜோடியைத் தண்ணீருக்கு அனுப்பக் கூடாது என்று டீம் லீடரிடம் சொல்லச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

வாலு உலர்ந்த ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். நான் கண்ணை மூடினேன். கை அவள் மார்புக்குப் போனது, கட்டைவிரல் அழுத்தியது, கத்தி வந்தது. திரும்பப் போட்டேன். மறுபடி வந்தது. பிறகும் வந்தது. வீட்டிலிருந்து போன் அடித்தது, என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும், நாங்கள் எடுக்கவில்லை. விரல் எரிய ஆரம்பித்தது. வாலு பொறுமையாக நின்றாள். அவள் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை கட்டைவிரல் மறந்துவிட்டது. வெறுமனே இழுத்தேன், கத்தி வரவில்லை. என் கைக்குக் கீழே அவள் மார்பு ஏறாமல் இறங்காமல் அப்படியே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. பூட்டை அழுத்திக் கத்தியை உருவினேன். அவள் மூச்சு விட்டதும் திரும்பப் போட்டுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.