முனிராஜின் கதவு

கூர்நோக்கு இல்லத்திலிருந்து விடுதலையாகும் பிள்ளைகளோடு அவர்கள் இருந்த அறையின் கதவும் வரும். அதை வீட்டில் பொருத்திக் கொடுத்து, தினமும் போய்ப் பார்ப்பது என் வேலை. பூட்டைக் கழற்றிவிட்டுத்தான் பொருத்துவோம். எந்தச் சுவரில் வைத்தாலும் பின்னால் அந்த அறை இருக்கும். ஏழு நாளுக்குள் பிள்ளை உள்ளேயிருந்து தானாகத் திறந்து வெளியே வர வேண்டும். வராவிட்டால் எட்டாம் நாள் கதவும் பிள்ளையும் திரும்பப் போய்விடும்.

முனிராஜுக்குப் பதினேழு வயது. அவன் அம்மா மாதம்மா வீட்டில், டிவி இருந்த சுவரில் பொருத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர், "ரூமு எங்க பக்கம் நீட்டிக்கிட்டு வராதில்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்த் தன் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஆறு நாளும் முனிராஜ் கதவைத் தொடவில்லை. இல்லத்தில் யாராவது திறந்துவிட்டே பழக்கம். பிள்ளைகள் கதவு முன்னால் வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். கதவுக்கடியில் அவன் நிழல் தெரிந்ததும் மாதம்மா ஓடிப்போய்த் திறந்துவிடுவார்.

"நீங்க திறந்தா செல்லாதுக்கா."

"கொழம்பு ஆறுது, புள்ள நிக்கிறான். என்னை வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

ஏழாம் நாள் பால்வாடி லீவு. இரண்டு வயதான என் மகள் மகிழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவளை முனிராஜோடு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். மாதம்மா கையில் உரிக்கச் சொல்லி வெங்காயத்தைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகிழினி அழுதாள். நீளமான வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"அக்கா, பாப்பா அழுவுது."

"கேக்குது முனிராஜ்."

"யாராச்சும் வருவாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க. நீதான் இருக்க."

நிழல் அசையாமல் நின்றது. மாதம்மா ஒரே வெங்காயத்தைத் தோல் தீர்ந்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தார். அழுகை இன்னும் தூரமாகப் போனது.

கதவு திறந்தது. மகிழினியைத் தோளில் போட்டுக்கொண்டு முனிராஜ் வெளியே வந்தான்.

"கொழம்பு இருக்கா?"

மாதம்மா எழுந்திருக்கவில்லை. "தட்டு அங்க இருக்கு, எடுத்துக்க."

நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் என் இடுப்புயரத்துக்கு ஒரு கதவு சாய்ந்திருந்தது. பினாயில் வாசனை அடித்தது. மகிழினி அதன் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்தவர்களுக்கும் கதவு வருவது வழக்கம்தான். பூட்டைக் கழற்றிவிட்டு, டேப்பை எடுத்துப் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரை அளந்தேன்.