அத்தான் தண்ணீருக்குள் பார்த்தது

1

இந்தக் கதை என் சரக்கல்ல. அக்கா மகளிடம் கேட்டு வாங்கியது. முடிவை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: நீலக்கடலின் அடியில் வண்ண வண்ணக் கனவுகளாய்...

வேண்டாம். இந்த ரகம் எல்லாக் கடையிலும் தொங்குகிறது.

அவள் ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். வருகிறவர்களுக்கு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, பவளப்பாறைக்கு மேலே மிதக்கவிடுவது அவன் தொழில். அவள் அப்பா, அதாவது என் அத்தான், ஜவுளி வியாபாரி. "கடையைப் பாத்துட்டுத்தான் பேச்சு" என்றார். கடை கடலுக்குள் இருந்ததால் இறங்க வேண்டியதாயிற்று.

2

(அத்தானைக் கொஞ்சம் இளைக்க வைக்கலாமா என்று யோசித்தேன். லைஃப் ஜாக்கெட் வார் எட்டாமல் அவர் பட்ட பாடு வீணாகிவிடும். இருக்கட்டும்.)

"கண்ணாடிக்குள்ள துப்பித் தேய்ங்க மாமா. அப்பத்தான் ஆவி படியாது."

"மாப்பிள்ளை ஆகறதுக்கு முன்னாடியே துப்பச் சொல்றியேப்பா."

குப்புற மிதந்தார். கீழே மான்கொம்பு போலக் கிளைத்த பவளம். பச்சை மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவர் மனம் அப்படியே...

[நிறுத்துகிறேன். படகிலிருந்தவளுக்கு அவர் முதுகுதானே தெரிந்தது.]

3

ஒரு குறிப்பு. எங்கள் குடும்பத்தில் வாங்கப்போகும் துணியை யாரும் புகழ்வதில்லை. ஓரம் பிரிகிறது, சாயம் நிற்காது என்றால் பிடித்துவிட்டது. ரொம்ப அழகு என்றால், வாங்காமல் கிளம்பச் செருப்பைத் தேடுகிறார் என்று அர்த்தம். இதைப் படகுக்காரனுக்குச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அத்தான் தலையைத் தூக்கினார். "அந்த மூலையில வெளுத்துக் கெடக்கே."

"தண்ணி சூடேறி வெளுத்தது மாமா. இப்பத் திரும்ப நெறம் புடிக்குது."

"மீனும் பொடிசா இருக்கு."

படகில் அவளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. அப்பா பேரத்தில் இறங்கிவிட்டார். அவனுக்கோ முகம் தொங்கிப்போயிற்று.

"புடிக்கலன்னா கரைக்குப் போயிடலாம்" என்று நங்கூரக் கயிற்றைப் பிடித்தான். அவள் காட்டிய சைகையை அவன் பார்க்கவில்லை.

அத்தான் மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

4

எழுந்ததும், கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "ரொம்ப அழகா இருக்குப்பா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

முதல் முடிவு: அத்தான் செருப்பைத் தேடினார். அடித்துவிட்டேன், படகில் யாரும் செருப்புப் போட்டிருக்கவில்லை.

இரண்டாவது: ஆயுளில் முதல்முறையாக, வேண்டுமென்று நினைத்ததையே புகழ்ந்துவிட்டார். இதையும் அடித்தேன். அத்தானைத் தெரிந்த நான் நம்பமாட்டேன். ஆனால் நான் அந்தத் தண்ணீரில் முகம் வைத்தவனுமல்ல.

அவரை ஏற்றிவிடப் படகுக்காரன் கை நீட்டியிருக்கிறான். அதைப் பிடிக்கப்போவது மாமனாரா, பார்த்துவிட்டுப் போகிறவரா? நீங்களே சொல்லுங்கள். அவள் காத்திருக்கிறாள்.