வசதிக் கட்டணம்

கச்சேரிக்கு இரண்டு டிக்கெட், தொண்ணூற்றிரண்டு டாலர். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் அது நூற்றுப் பதினான்காகியிருந்தது. ஆன்லைனில் வாங்குவதற்கு வசதிக் கட்டணம், இருபத்திரண்டு.

"நம்ம பிரிண்டர், நம்ம தாள், நம்ம மை. இதுல அவனுக்கு எதுக்கு இருபத்திரண்டு டாலர்?" மடிக்கணினியை மூடினேன். "அரங்கத்துக்கே போய் கவுன்ட்டர்ல வாங்கினா இது கிடையாது. ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கிட்டு வந்துடு."

"சாயங்காலம் ஐஸ் மழையாம், ட்ராய். என் பிறந்தநாளுக்கு நானே அலையணுமா?"

"அஞ்சரை வரைக்கும் திறந்திருக்கும்."

"கஞ்சப் பிசினாறி" என்றாள் என் மனைவி மேரன். சிரிக்கவில்லை. கிளம்பிப் போனாள்.

அன்று மாலை, அரங்கத்துக்கு இரண்டு தெரு தள்ளி, நாற்சந்தியில் அவள் கார் வழுக்கிச் சுழன்று, சாலைப் பனி உருக உப்புத் தூவும் லாரியில் மோதியது. போலீஸ் கொடுத்த கைப்பையில் டிக்கெட் இல்லை. போகும் வழியில் இறந்திருந்தால் என் மேல் கோபத்தோடு இறந்திருக்கிறாள். அவள் கவுன்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கவுன்ட்டருக்குப் போனேன். உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க பெண். சட்டையில் பெவர்லி என்ற பெயர். மேரனின் பெயரைச் சொன்னேன். இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள்.

"அப்பாடா, வந்தீங்களா! அந்தப் பொண்ணு அன்னிக்கு மத்தியானமே போன்ல வாங்கிடுச்சு. கட்டணத்தோட."

"கட்டணத்தோடயா?"

"ஆமா. மெயில்ல அனுப்பட்டுமான்னு கேட்டேன். ஐயையோ வேண்டாம், கவுன்ட்டர்ல வாங்கின டிக்கெட் மாதிரியே இருக்கணும், நானே வந்து வாங்கிக்கறேன்னுச்சு. கட்டணம் அதுல தெரியக் கூடாதாம். என் வீட்டுக்காரர் காசை மிச்சம் பிடிச்சேன்னு ஒரு வாரத்துக்குப் பெருமையடிச்சுக்கட்டும், பாவம்னு ஒரே சிரிப்பு." பெவர்லியும் சிரித்தாள். "அப்புறம் ஏன் வரவே இல்ல?"

"வந்துட்டிருந்தா. வழியில விபத்து. இறந்துட்டா."

அவள் கை உறையின் மேல் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"பணத்தைத் திருப்பித் தர்றேன், தம்பி" என்றாள் பெவர்லி. "டிக்கெட் விலை மட்டும்தான் வரும். அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர என்னால முடியாது."

"வேண்டாம். கட்டணம் போட்ட ரசீது கிடைக்குமா?"

"அடிச்சுத் தர்றேன்."

"அதுக்குத் தனியா கட்டணம் ஏதாவது உண்டா?"

வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"இல்லப்பா" என்றாள் பெவர்லி, என் முகத்தைப் பார்க்காமல்.

ரசீது வந்தது. மேரன் லிண்ட்க்விஸ்ட். மதியம் இரண்டு பத்து. வசதிக் கட்டணம், இருபத்திரண்டு டாலர். அன்றைக்கு ஐஸ் மழை ஆரம்பித்தது நான்கு மணிக்கு.