சாமித்துரை அண்ணாச்சியின் நாற்காலி

கிழக்கு வெளுக்குமுன்னே வேலுத்தாய் நைட்ரஜன் சிலிண்டரை உருட்டத் தொடங்கிவிட்டாள். ராத்திரி மழையில் ஊறிய கரிசல் மண் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தந்தது. சிலிண்டரின் கனமோ, எருமையொன்று உள்ளே படுத்து உறங்குகிற மாதிரி. பட்டறைக்குள் வந்து சேரும்போது அவள் சேலையில் ஒரு குறுக்கம் நிலம் ஒட்டியிருந்தது.

பீரங்கியின் உதைப்பைத் தாங்கும் உருளைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அது. சுட்டதும் பின்னால் பாய்கிற குழலைத் திரும்ப முன்னே தள்ளுவது, உருளைக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன்தான். அடைக்கையில் ஓஸ் குழாய் கழன்று துள்ளினால் பாம்புகூட அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். போன வாரம் கழன்றது. கூட வேலை பார்க்கும் சங்கிலிப்பாண்டியின் தோளை முறித்தது. அந்தச் சத்தத்துக்கு வாயடைத்த கழுகுமலை மயில்கள், மழை வந்தும் அகவவில்லை என்று ஊரில் பேச்சு.

இன்றைக்கும் அதே ஓஸ். கழன்ற இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பொங்கலிலிருந்து ஒரே எண்ணில் உறங்கிக்கொண்டிருந்தது. இன்று வால்வைத் திறக்க வேண்டியது வேலுத்தாயின் முறை.

"என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? தொற. சாயங்காலம் உருளைகள ஏத்த லாரி வருது," என்றார் முதலாளி சாமித்துரை.

"புது ஓஸ் எங்க அண்ணாச்சி?"

"வரும். அதுவரைக்கும் கம்பி தாங்கும். காத்துதான?"

"அப்ப சங்கிலிப்பாண்டி தோள ஒடச்சது தென்றலா?"

பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற கருப்பசாமி சிரிப்பை மறைக்க இருமினான்.

"பயமாருந்தா வீட்டுக்குப் போ. வேலைக்கு ஆளு வரிசையா நிக்கு," என்றபடி அண்ணாச்சி கைப்பேசியைக் காதில் வைத்தார். வால்வில் யார் கைவைத்தாலும் அவருக்குப் போன் வந்துவிடும். மணி அடிக்காமலே வருகிற அதிசயப் போன். பேசிக்கொண்டே விளாத்திகுளம் வரைக்கும் நடந்துவிடுவார்.

இந்த வேலை போனால் மறுபடி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போகவேண்டியதுதான். வேலுத்தாய் அது தெரிந்தேதான் அவர் அறைக்குள் போனாள். வேறெவரும் தொடாத சுழல்நாற்காலியை உருட்டிவந்து ஓஸுக்குப் பக்கத்தில் போட்டாள். இல்லாத தூசியைத் துண்டால் தட்டினாள்.

"இங்கன உக்காருங்க அண்ணாச்சி. நீங்க உக்காந்தா நான் தொறக்கேன்."

"என் பட்டறையில நான் எங்கன இருக்கணும்னு நீ சொல்லுதியோ?"

"உங்க பட்டறைதான. அதான் நட்டநடுவுல போட்டிருக்கேன்."

கருப்பசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தான். அடுத்த எந்திரத்தில் வேலையாயிருந்த உமாதேவி கையுறைகளைக் கழற்றி நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினாள். எந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அம்புட்டுப் பேரையும் வெளிய அனுப்பிருவேன்."

"அனுப்புங்க," என்றாள் உமாதேவி. "புதுசா வாரவங்களுக்கும் இந்த நாற்காலியக் காட்டிட்டுத்தான் போவோம்."

அண்ணாச்சி போனைக் காதில் வைக்கவும் மறந்து வெளியேறினார். வேலுத்தாய் சிலிண்டருக்கு மூடி போட்டு, சங்கிலியால் தூணோடு கட்டினாள். எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். சேதி கேட்டு, கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட கையோடு சங்கிலிப்பாண்டி வந்தான். அவன் பின்னால் பக்கத்துப் பட்டறைக்காரர்கள். சங்கிலிப்பாண்டிகூட நாற்காலியில் உட்காரவில்லை.

சாயங்காலம் லாரி வந்து ஆரன் அடித்தது. யாரும் எழவில்லை. வேலுத்தாய் மட்டும் எழுந்து, அண்ணாச்சி வந்தால் உட்காரத் தோதாக நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தாள்.